விதைநெல் இறங்கிய கரை

என் மனைவியின் ஆட்கள் எனக்கு வைத்த பட்டம் கதவுக்காரன். கலியாணப் பேச்சுக்குப் போன அன்று அவளுடைய தகப்பன், "தம்பி சண்டைக் காலத்திலை கடற்படையிலை என்ன வேலை பாத்தனீர்?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "கதவு திறக்கிறது ஐயா." விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பீரங்கி சுட்டேன் என்று ஒரு புளுகை அவிழ்த்து விட்டிருந்தால் இன்னும் ஒரு பணியாரம் கூடக் கிடைத்திருக்கும். எனக்குப் புளுகத் தெரியாது என்றில்லை. ஆனால் அந்த வேலையைப் பற்றிப் புளுக எனக்கு மனம் வராது. அதிலே எனக்கு அவ்வளவு பெருமை.

கதவு திறப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுகிறேன். இரண்டாம் உலகச் சண்டையில் நான் நின்ற படகைத் தரையிறங்கு கலம் என்று இப்போது எழுதுகிறார்கள். நாங்கள் லாண்டிங் கிராஃப்ட் என்போம். மற்றப் படகுகளுக்கு முன்பக்கம் கூராக இருக்கும். இதற்குக் கூர் கிடையாது. முன்சுவர் முழுவதும் ஒரே இரும்புக் கதவு. அடியில் கீல், இரண்டு பக்கமும் கம்பி வடம், வடத்தைச் சுற்றி வைத்திருக்கும் உருளைக்கு ஒரு பிரேக்கு. பிரேக்கை விட்டால் கதவு முன்னால் விழுந்து பாலமாகிவிடும். அடி தட்டை. பார்வைக்குச் சவர்க்காரப் பெட்டிக்கு எஞ்சின் பூட்டியது மாதிரி இருக்கும். திருகோணமலையில் பெரிய கப்பல்களில் நின்றவர்களுக்கு எங்களைக் கண்டாலே இளக்காரம்.

இளக்காரம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியாது. பெரிய கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும். துறைமுகம் எதிரியின் கையில் இருந்தால் அது வெளியே நின்று குண்டு போடலாம், அவ்வளவுதான். ஒரு நாட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஆட்கள் மண்ணில் கால் வைக்க வேண்டும். துறையும் மேடையும் இல்லாத வெறும் மணலில் மூக்கை வைத்து, முப்பது பேரையும் ஒரு ஜீப்பையும் சில விநாடிகளில் இறக்கிவிட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய் அடுத்த முப்பது பேரைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் சவர்க்காரப் பெட்டிதான்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. கரைக்கு வருமுன்பே பின்பக்கத்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, வடத்தை விட்டபடியே முன்னேற வேண்டும். கரை தட்டிய பிறகும் எஞ்சினை நிறுத்தக் கூடாது. மெல்ல முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் நீரோட்டம் படகைத் திருப்பிப் பக்கவாட்டில் போடாது. திரும்பிப் போகிற நேரம் அந்த நங்கூர வடத்தைப் பிடித்து இழுத்தால் படகு தானாகவே மணலைவிட்டுக் கழலும். பாரத்தையும் பின்னுக்குத்தான் ஏற்ற வேண்டும். மூக்கு இலேசாக இருந்தால்தான் கரைமேல் ஏறும்.

இவை எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்தவை. மற்ற ஒன்றை நானே படித்தேன். பயிற்சி முடிகிற வாரம் ஓர் ஒத்திகை நடந்தது. எங்கள் படகு மணலில் தட்டியது. "திற" என்றார்கள், திறந்தேன். அது கரை அல்ல. கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் கிடந்த மணல்திட்டி. அதற்கும் கரைக்கும் நடுவில் ஆளை மூடும் பள்ளம். முதுகில் பாரத்தோடு முதல் வரிசை நேராக நடந்து அதற்குள் போயிற்று. எல்லாரையும் இழுத்து எடுத்துவிட்டோம். ஒருவனை மட்டும் உயிரில்லாமல் எடுத்தோம். கட்டளை உன்னுடையதல்ல என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பிரேக்கை விட்டது என் கை. அந்தக் கவலை என்னை இன்னும் விடவில்லை.

அதற்குப் பிறகு, படகு தட்டியவுடன் நான் கதவைத் திறந்ததில்லை. கம்பால் குத்தி ஆழம் பார்த்துத்தான் திறப்பேன். பர்மாக் கரையில் ஒரு முறை குண்டுச் சத்தத்துக்கு நடுவில் நான் கம்பும் கையுமாக நின்றதைப் பார்த்து ஓர் அதிகாரி என்னைத் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசினார். ஏசட்டும். அவருடைய சப்பாத்து நனையவில்லை.

சண்டை முடிந்து வந்து, கலியாணமும் முடித்து, வன்னியில் ஒரு குளத்தின் கீழ் வயற்காணி கிடைத்துக் குடியேறினேன். மூன்று ஏக்கர். எங்களோடு அறுபது குடும்பம், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்கள். ஐந்தாறு போகம் நன்றாகவே விளைந்தது. ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒரு மாரி வந்தது. காலபோகப் பயிர் கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்க, வானம் ஒரு கிழமை வாய் மூடவில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்து, வாய்க்காலும் வயலும் வேறுபாடு தெரியாமல் ஒரே வெள்ளம். நாங்கள் மண்மூட்டை அடுக்கிக் குளக்கட்டைக் காப்பாற்றிவிட்டோம். பயிரைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளம் வடிந்தபோது குளம் நிறையத் தண்ணீர் இருந்தது, விதைக்க ஒரு மணி நெல் இல்லை. விதைக்கு வைத்திருந்ததில் பாதி நனைந்து கெட்டது, மீதியைக் குத்தித் தின்றோம். விதைநெல்லைத் தின்ற வெட்கத்தை வேளாண்மை செய்கிறவனுக்குத்தான் தெரியும்.

மூன்று மாத நெல்லைத் தை நடுப்பகுதிக்குள் விதைத்தால் சித்திரையில் ஏதோ அறுக்கலாம். அரசாங்கம் விதைநெல் தருவதாகச் சொன்னது. ஆனால் கனகராயன்குளத்துக்கு அங்காலே தெருவை வெள்ளம் அறுத்துவிட்டது, தெற்கிலிருந்து லொறி வர வழியில்லை. நாலு குடும்பம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போயிற்று. என் மனைவியின் தமையனும் வந்து சேர்ந்தார். புதுக்குடியிருப்பு வரை பஸ்ஸில் வந்து, அங்கே ஒரு மாட்டுவண்டி பிடித்து, சேற்றில் புரண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. எல்லாம் சரிவந்தாப் பிறகு வரலாம்தானே" என்றார்.

அந்தப் 'பிறகு' எனக்குத் தெரியும். போன நாலு குடும்பமும் அதையே சொல்லிவிட்டுத்தான் போயிற்று. அவள் போனால் நான் தனியாக அந்தக் காணியில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன்? நான் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள்.

"விதைநெல்லு வந்தால் நிப்பன். வராட்டில் அண்ணையோட போறன். நான் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது, உங்கட பெருமையையோ?"

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை.

மூன்றாம் நாள் ஊர் அதிகாரியான விதானையார் ஆள் அனுப்பினார். விதைநெல் திருகோணமலையிலிருந்து கடலால் வருகிறது, கொக்கிளாய்க்கு வண்டிகளோடு வரச் சொல்லி. நிற்கிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மூட்டை. வாடைக் காற்றுச் சற்று ஓய்ந்திருந்த நாள். ஊரில் ஓடக்கூடிய வண்டி எல்லாம் புறப்பட்டது. மைத்துனர் பிடித்துவந்த வண்டியும் சேர்ந்துகொண்டது. அதில் அவரும், என் மனைவியும், பிள்ளைகளும் இருந்தார்கள். நெல் வந்தால் மூட்டையை ஏற்றலாம், வராவிட்டால் அப்படியே தங்கையை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

கொக்கிளாய்க் களப்பு, அதாவது கடலேரி, கடலோடு சேரும் வாய் வெள்ளத்தால் அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளிருந்து கலங்கல் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். வெளியே கடலில் சதுரமாக ஒன்று தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அதை இனங்காண ஒரு விநாடிதான் வேண்டியிருந்தது. சண்டைக்குப் பின் விற்கப்பட்டு, யாரோ ஒரு ஒப்பந்தக்காரரின் கையில் சாமான் ஏற்றித் திரிந்த பழைய லாண்டிங் கிராஃப்ட். துரு பிடித்து, ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. "எங்கட பெட்டி!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அது களப்பின் வாய்க்குள் நுழைந்து எங்களை நோக்கி வந்தது. வரவர ஒவ்வொரு பிழையாக என் கண்ணில் பட்டது. பின் நங்கூரம் போடவில்லை. மூட்டை முழுவதையும் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள், இறக்குவதற்குச் சுகம் என்று நினைத்திருப்பார்கள். மூக்குத் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கரைக்கு இருபது பாகத் தூரம் இருக்கும்போதே நிலத்தில் தட்டி நின்றுவிட்டது. தட்டியவுடன் கதவு தடாரென்று விழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது கதவின் நுனி ஒரு திட்டியின் மேல் முழங்கால் அளவு தண்ணீரில் கிடந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் பள்ளம். கொக்கிளாய்க் கடற்றொழிலாளர் ஒருவர், "அதிலை கழுத்துக்கு மேலை தாழும்" என்றார். களப்புத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் ஊறிய விதைநெல்லை மாட்டுக்குத்தான் போடலாம்.

அந்தக் கடற்றொழிலாளரின் வள்ளத்தில் நானும் எட்டுப் பேரும் ஏறிப் போனோம். படகின் தலைவரை எங்கள் பக்கத்தில் தண்டையல் என்போம். தண்டையல் நல்ல உயரமான ஆள், கையில் புகைகிற சுருட்டு.

"கரைக்குக் கொண்டந்தாச்சு. இறக்குங்கோ, நீரோட்டம் கூடமுதல் நான் வெளிக்கிட வேணும்" என்றார்.

திட்டியின் மணல் வெள்ளத்தால் இளகிக் கிடந்தது. முன்னால் இறங்கிய இருவர் தொடை வரை புதைந்தார்கள். அதைப் பார்த்த தண்டையல் தன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் ஒரு மூட்டையைத் தூக்கிக் கதவின் நுனிக்கு முன்னால் போட்டார்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"இப்ப இதிலை மிதிச்சு வாங்கோ, புதையாது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடலில் திரிகிறவனுக்கு மூட்டை என்றால் மூட்டைதான். ஆனால் எங்கள் எட்டுப் பேரும் தண்ணீருக்குள் மரம் போல் நின்றுவிட்டார்கள். நெல் சிந்தினாலே பொறுக்கி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள்.

"நெல்லிலை கால் வைக்கிறதோ?" என்றார் எங்களில் மூத்தவர். "நான் மாட்டன்."

"நெல்லோ மண்ணோ, மிதிச்சு வந்து தூக்குங்கோ காணும்! இல்லாட்டில் எல்லாத்தையும் இதிலை தள்ளிப்போட்டுப் போறன்."

ஒருவரும் அசையவில்லை. தண்டையலுக்கு எரிச்சல் ஏறியது. அவருடைய ஆட்கள் நாலாவது மூட்டையைத் தூக்கினார்கள். எனக்குள் என்ன நடந்ததென்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. வள்ளத்திலிருந்து பாய்ந்து, அந்த மூன்று மூட்டையிலும் காலை வைத்து மிதித்து, கதவில் ஏறி ஓடினேன். பின்னால் எங்கள் ஆட்கள் "ஐயோ" என்றது கேட்டது. நேரே உருளையடிக்குப் போய்ப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"மூட்டையைக் கீழை வையுங்கோ. கதவைத் தூக்கவேணும்."

"ஐசே, நீர் ஆர்?" என்றார் தண்டையல்.

"இந்தக் கதவிலை நாலு வருஷம் நிண்டவன். இது கரையில்லை, திட்டி. திட்டியிலை கதவு திறக்கக் கூடாது."

"நான் எத்தினை வருஷமா இதை ஓட்டுறன், தெரியுமோ?"

"தெரியாது. ஆனால் பின் நங்கூரம் போடாமல் வந்திருக்கிறியள், அது தெரியும். நீரோட்டம் கூடினால் உங்கட படகு திரும்பிப் பக்கமாக் கிடக்கும், பிறகு நீங்களும் எங்களோட வயல் விதைக்க வேண்டியதுதான்."

அவர் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது அப்போதே கொஞ்சம் திரும்பத் தொடங்கியிருந்தது. சுருட்டைத் தண்ணீரில் எறிந்தார்.

"சரி. என்ன செய்யவேணும், சொல்லும்."

கதவைச் சுற்றி ஏற்றினோம். படகைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னேன். கிறீச்சிட்டுக்கொண்டு திட்டியைவிட்டு வந்தது. எங்கள் எட்டுப் பேரும் மேலே ஏறி, தண்டையலின் ஆட்களும் சேர்ந்து, அத்தனை மூட்டையையும் பின்பக்கத்துக்கு மாற்றி அடுக்கினோம். நூற்றறுபத்தைந்துக்குக் குறையாது. முதுகு விட்டுப்போயிற்று. மூக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைக் கண்டேன். அந்தக் கடற்றொழிலாளர் மரக்கோலால் குத்திக் குத்தித் திட்டியைச் சுற்றி வந்தார். வடக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் கோலை நிறுத்திவைத்துக் கையைத் தூக்கினார். அங்கே திட்டி அறுந்து, ஆழமான வழி இருந்தது.

தண்டையலிடம் பின் நங்கூரத்தைப் போடச் சொன்னேன். வடத்தை விட்டபடி, அந்தக் கோலுக்கு நேரே, மெல்லவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல் வந்தோம். திட்டியின் விளிம்பு அடியில் உரசியது, உரசிக்கொண்டே கடந்தது. பிறகு ஆழம். பிறகு மறுபடியும் தட்டியது.

"திறக்கவோ?" என்றார் தண்டையல்.

"பொறுங்கோ."

பக்கச் சுவரில் ஏறி, ஒரு கம்பை முன்னால் விட்டுக் குத்தினேன். ஓர் அடி தண்ணீர், கீழே இறுகின மணல். இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளச் சொன்னேன். மூக்கு மணலில் ஏறியது. மறுபடி குத்தினேன். கம்பு காய்ந்த மணலில் நின்றது. எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரேக்கை என் கையாலேயே மெதுவாக விட்டேன். கதவு சத்தமில்லாமல் இறங்கிக் கரையில் படுத்தது.

முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் மூத்தவர் இறங்கினார். கரைக்கு வந்து நின்று, குனிந்து தன் காலைப் பார்த்தார். நனையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும். என் மைத்துனர் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்க வந்தார். பர்மாக் கரையில் எனக்கு ஒரு பதக்கம் தருவதாகச் சொல்லித் தராமல் விட்டார்கள். கொக்கிளாய்க் கரையில் அந்தக் குறை தீர்ந்தது.

கடைசி மூட்டை இறங்கியதும் தண்டையல் கதவடியில் வந்து நின்றார்.

"குத்திப் பாத்துத் திறக்கிறதை ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"செத்துப்போன ஒருத்தன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எஞ்சினடிக்குப் போனார். நங்கூர வடத்தைப் பிடித்து இழுக்க, படகு கரையைவிட்டு இலேசாகக் கழன்று போயிற்று.

பிறகுதான் பங்கு. திட்டியில் கிடந்த மூன்று மூட்டையையும் வள்ளத்தில் ஏற்றிவந்து கரையில் போட்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லா மூட்டையும் வண்டிகளில் ஏறிக்கொண்டிருக்க, அவற்றின் பக்கம் ஒருவரும் போகவில்லை. சீட்டுப் போடுவோமா என்று மெல்லப் பேச்சு எழுந்தது. யார் தலையில் விழுந்தாலும் அந்தக் குடும்பம் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"சீட்டு வேண்டாம்" என்றேன். "மிதிச்சது நான். அது மூண்டும் எனக்கு."

ஒருவர் இருவர் வாய்க்குள் மறுத்தார்கள். எங்கள் மூத்தவர் மறுக்கவில்லை. நெல்லை மிதித்தவன் அதை எடுப்பதுதான் நியாயம் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் வண்டியில் இருந்த என் மனைவியைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் போயிற்று. ஊரார் எல்லாருடைய நெல்லையும் நனையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, என் வீட்டுக்கு உப்பில் ஊறியதைத் தெரிந்தெடுத்தவன் நான். அவள் கேட்ட ஒன்றே ஒன்று விதைநெல்.

அவள் வண்டியால் இறங்கி வந்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மூட்டையின் வாயில் விரலை விட்டு நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தாள். அடுத்த மூட்டையிலும் கடித்தாள். பிறகு களப்போரம் போய்க் குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பினாள்.

"உப்பில்லை" என்றாள்.

நானும் குனிந்து ஒரு வாய் அள்ளிப் பார்த்தேன்.

"கடல் தண்ணி அடியிலை கிடக்குது. மேலாலை போறது முழுக்க எங்கட வெள்ளம். எங்கட வயலை அழிச்ச தண்ணி."

அதற்குள் மைத்துனர் வண்டிக்கு மாட்டைப் பூட்டிவிட்டார். ஈர மூட்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சான், ஊருக்குச் செய்தது பெரிய காரியம்" என்று மனதாரச் சொன்னார். பிறகு தங்கையிடம் திரும்பி, "ஏறு பிள்ளை, பொழுது போகுது" என்றார்.

"அண்ணை, முதல் இந்த மூண்டையும் தூக்கி ஏத்துங்கோ" என்றாள் அவள். "இது ஊறத் துவங்கின நெல்லு. இனி முளை கட்டிப் போடவேணும், மூண்டு நாளுக்குள்ளை விதைக்காட்டில் அழுகிப்போடும். எனக்கு உங்களோட வர நேரமில்லை."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேருக்கு முன்னாலும் நின்று அழுதேன், வெட்கமாக இருக்கவில்லை. மைத்துனர் மேலும் மூன்று நாள் நின்று எங்களோடு சேற்றில் இறங்கி வரம்பு கட்டினார். மூன்றாம் நாள் காலை அவள் முளைநெல்லைக் கடகப் பெட்டியில் அள்ளித் தர, நான் விதைத்தேன். மற்றவர்கள் அப்போதுதான் நெல்லை ஊறவைத்திருந்தார்கள். அந்தப் போகத்தில் அறுபது காணிக்குள்ளும் முதலில் பச்சை கண்டது எங்கள் மூன்று ஏக்கர்.